பிள்ளை வீட்டுக்கு முதல் பயணம்: மதுரையிலிருந்து ரயிலா, பஸ்ஸா, விமானமா, காரா?

மகனுக்கு சென்னையில் வேலை கிடைத்து, ஃபிளாட் பிடித்து, பாலும் காய்ச்சியாயிற்று. "ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்கப்பா" என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ இருக்கும் பெற்றோருக்கும் ஆசைதான். எதில் போவது என்று வரும்போதுதான் பேச்சு நின்றுவிடுகிறது. அப்பா பஸ் என்பார். அம்மாவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. மகன் விமான டிக்கெட் போடுகிறேன் என்பான். "எதுக்குய்யா வெட்டிச் செலவு" என்று அதுவும் தள்ளிப்போகும்.

எல்லோரும் டிக்கெட் விலையிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். குழப்பம் அங்கேதான். பிள்ளை வீட்டு வாசலிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். வீடு ஊரின் எந்தப் பக்கம், எத்தனை மணிக்குப் போய் இறங்கினால் கூப்பிட ஆள் வரும் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், எந்த வண்டி என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

## எதை வைத்து முடிவு செய்வது

இறங்கும் நேரம். முதல் தடவை போகிறவர்களை நிலையத்துக்கு வந்து யாராவது கூட்டிப்போக வேண்டும். மற்ற எல்லாம் இதற்கு அடுத்ததுதான். பகல் வேலை பார்க்கும் பிள்ளைக்கு வார நாளில் மதியம் 2 மணி என்றால் லீவு போட்டால்தான் முடியும். ராத்திரி ஷிஃப்ட் முடித்து விடியற்காலை வீடு திரும்பும் பிள்ளைக்கோ 5 மணி வண்டி நல்ல தோது.

கடைசி 30 கிலோமீட்டர். மதுரையிலிருந்து சென்னைக்கு ரயிலில் 493 கிலோமீட்டர். அதைவிட எழும்பூரிலிருந்து சிறுசேரிக்குப் போவதுதான் பலருக்கு அலுப்பு.

உடம்பு. முழங்கால் வலி, சர்க்கரை, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டிய நிலை, பஸ்ஸில் வாந்தி. இவற்றை வீட்டுக்குள் மறைக்காமல் பேசிவிடுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு "நமக்கு எதுன்னாலும் சரி" என்று சொன்னால், பிள்ளை ஸ்லீப்பர் பஸ்ஸில் மேல் பெர்த் போட்டுவிடுவான்.

சுமை. அரிசி, இட்லிப் பொடி, நெய், முருங்கைக்காய், ஊறுகாய். எவ்வளவு என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். வாகனத்தை அது மாற்றிவிடும்.

திரும்பும் நாள். ஒரு வாரம் என்று போனவர்கள் நான்காம் நாளே கிளம்புவதும் உண்டு, பேரன் பேத்தி இருந்தால் மூன்று வாரம் தங்கிவிடுவதும் உண்டு.

## ஒரே பார்வையில்

| வழி | மதுரை–சென்னை பயண நேரம் | இறங்கும் வேளை | டிக்கெட்டுக்கு வெளியே வரும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| இரவு ரயில் | சுமார் 8 மணி | விடியற்காலை | விடிகாலை டாக்சி. மேல் பெர்த் மாட்டினால் தூக்கமும் போய்விடும் | பெரும்பாலானோருக்கு |
| பகல் ரயில் | 6 முதல் 7½ மணி | மதியம் அல்லது இரவு | பிள்ளைக்கு ஒரு நாள் லீவு | பெர்த் ஏற முடியாதவர்கள், இரவில் தூக்கம் வராதவர்கள் |
| பஸ் | 8 முதல் 9 மணி | விடியற்காலை, கிளாம்பாக்கம் பஸ் முனையத்தில் | அங்கிருந்து ஊருக்குள் போகும் செலவு | பிள்ளை தாம்பரம், வண்டலூர் பக்கம் இருந்தால் |
| விமானம் | பறப்பது ஒன்றேகால் மணி | நீங்கள் பார்த்துக்கொள்வது | இரு பக்க டாக்சி. 15 கிலோவுக்கு மேல் சுமைக்குக் கட்டணம் | உட்கார முடியாதவர்கள், அவசரம் |
| கார் | 8 மணி சுமார் | உங்கள் விருப்பம் | டோல், டிரைவர் பேட்டா, நிறுத்த இடம் | நான்கு பேர், கூடவே நிறையச் சுமை |

## இரவு ரயில்

முதல் பயணத்துக்குப் பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் சரி. வெள்ளிக்கிழமை இரவு ஏறி சனிக்கிழமை விடியலில் இறங்கினால், பிள்ளை லீவு போடாமலே வந்து கூட்டிப்போகலாம். மதுரையிலேயே கிளம்பும் வண்டி பாண்டியன். தெற்கேயிருந்து வரும் நெல்லை, பொதிகை, அனந்தபுரி எல்லாம் மதுரையைத் தொட்டுத்தான் போகின்றன. மதுரையிலேயே கிளம்பும் வண்டியில் ஒரு சௌகரியம்: பிளாட்பாரத்தில் முன்கூட்டியே நிற்கும், பதறாமல் ஏறலாம். நடுவில் வரும் வண்டியில் சில நிமிடத்துக்குள் பெட்டியைத் தேடி ஏறியாக வேண்டும்.

உசிலம்பட்டி, ஆண்டிபட்டி பக்கத்தவர்கள் போடியிலிருந்து சென்னை சென்ட்ரல் போகும் வண்டியை மறந்துவிடுகிறார்கள். வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறது. கரூர், சேலம், காட்பாடி வழியாகச் சுற்றிப் போவதால் நேரம் கூடுதல். ஆனால் ஊரிலேயே ஏறிப் படுத்துவிடலாம், மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. பிள்ளை பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி பக்கம் இருந்தால் எழும்பூரைவிட சென்ட்ரல்தான் கிட்ட.

லோயர் பெர்த் வாங்குவது. பலருக்கும் தவறிப்போவது இதில்தான். முன்பதிவில் 'லோயர் பெர்த் / சீனியர் சிட்டிசன்' என்று தனி ஒதுக்கீடு உண்டு. 60 வயதான ஆண், 45 வயதான பெண், தனியாகவோ இருவராகவோ ஒரே டிக்கெட்டில் இருந்தால்தான் கிடைக்கும். அழைத்துப்போக வந்த மகன் தன் பெயரையும் அதே டிக்கெட்டில் மூன்றாவதாகச் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு போய்விடும். பெற்றோருக்குத் தனி டிக்கெட், மகனுக்குத் தனி டிக்கெட் போடுங்கள். அப்பாவுக்கு 58, அம்மாவுக்கு 52 என்றால் அம்மாவுக்கு மட்டும் அந்த ஒதுக்கீட்டில் எடுத்து, அப்பாவுக்குப் பொதுவில் எடுக்கலாம். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. முழுக் கட்டணம் என்றே கணக்குப் போடுங்கள். ஸ்லீப்பர் தலைக்கு 350-க்குள், மூன்றடுக்கு ஏசி 900-க்குள் அடங்கும்.

ஆர்ஏசி வந்தால் சைடு லோயரை இரண்டு பேர் பங்கிட்டு உட்கார்ந்தே போக நேரலாம். சாதாரண ஆளுக்குச் சரி, முதுகுவலிக்காரருக்கு வேண்டாம். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரில் ஏறக் கூடாது.

முன்பதிவு 60 நாள் முன்னால், காலை 8 மணிக்குத் திறக்கும். தட்கல் முந்தைய நாள்: ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. வயதானவர்களின் முதல் பயணத்தை தட்கலை நம்பித் திட்டமிடாதீர்கள்.

தாம்பரமா, எழும்பூரா? வேளச்சேரி, மேடவாக்கம், குரோம்பேட்டை, ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) என்றால் தாம்பரத்தில் இறங்குங்கள். எழும்பூர் வரை போய்த் திரும்பினால் 25 கிலோமீட்டர் வீண். அண்ணாநகர், கொளத்தூர், மயிலாப்பூர் என்றால் எழும்பூர்; நிலையத்தை ஒட்டியே மெட்ரோ இருக்கிறது. எழும்பூரில் வேலை நடக்கும் காலங்களில் சில வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாம்பரத்தில் வண்டி அதிக நேரம் நிற்காது, வேளையும் விடிந்தும் விடியாத வேளை. செங்கல்பட்டு தாண்டியதுமே எழுந்து, கழிவறை போய்வந்து, பைகளை வாசலருகே நகர்த்திவிட வேண்டும். 139-க்குப் போன் செய்தால் இறங்கும் நிலையம் வரும் முன் எழுப்பும் வசதி உண்டு. செங்கல்பட்டு நேரத்துக்கு மகனையும் ஒரு போன் அடிக்கச் சொல்லிவிடுங்கள். ஒருவர் முதலில் இறங்கி கீழே நிற்க, மற்றவர் மேலிருந்து பை எடுத்துக் கொடுப்பதுதான் முறை. இருவரும் ஆளுக்கொரு பையோடு ஒரே நேரத்தில் இறங்கப் பார்த்தால், மூன்றாவது பை வண்டியோடு போய்விடும்.

## பகல் ரயில்

வைகை, தேஜஸ், வந்தே பாரத் ஆகியவை இந்த வகை. வைகை காலை ஏழு மணிக்கு முன்பே கிளம்பி மதியம் இரண்டு மணி வாக்கில் எழும்பூர் சேரும். செலவு மிகக் குறைவு. இரண்டாம் வகுப்பு இருக்கை 200 ரூபாய் ஒட்டித்தான். ஆனால் அந்த இருக்கையில் ஏழு மணி நேரம் என்பது இடுப்புக்குச் சோதனை. திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வரும் வந்தே பாரத் வண்டிகள் மதுரையிலிருந்து ஆறு மணி நேரத்தில் சேர்த்துவிடுகின்றன. கட்டணம் வைகை இருக்கையைப் போலப் பல மடங்கு.

இந்த மூன்றில் முதல் தடவைக்கு ஏற்றது தேஜஸ். மதியம் மதுரையில் ஏறி இரவு ஒன்பது மணி வாக்கில் இறங்கும்போது பிள்ளை வேலை முடித்து வந்திருப்பான். உசிலம்பட்டியிலிருந்து காலையில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். பெர்த் ஏறும் பாடு இல்லை, தூங்கிப்போய் இறங்குமிடத்தைத் தவறவிடும் பயமும் இல்லை. தினமும் ஓடாது, உங்கள் தேதியில் உண்டா என்று பாருங்கள். ஏசி குளிர் மாலைக்கு மேல் ஏறும், அம்மாவுக்கு ஒரு சால்வை கைப்பையிலேயே இருக்கட்டும்.

## பஸ்

மாட்டுத்தாவணியில் ஏறினால் மறுநாள் சென்னை என்பது பழைய பழக்கம். அந்தப் பழக்கத்தில் பஸ் கோயம்பேட்டில் கொண்டுபோய் விடும் என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிளாம்பாக்கம் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்த பிறகு தென் மாவட்டப் பஸ்கள் அங்கேயே நிறுத்தப்படுகின்றன. வண்டலூர் அருகே, எழும்பூரிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். மாநகரப் பஸ் அங்கிருந்து உண்டு. ஆனால் நான்கு பையோடு, விடியலில், ஊர் தெரியாதவர்களுக்கு அது சரிவராது, டாக்சிதான். பஸ்ஸில் மிச்சம் பிடித்த பணம் அதில் போய்விடும்.

ஆனால் பிள்ளை தாம்பரம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் இருந்தால் பஸ்ஸை மிஞ்ச எதுவுமில்லை. நாவலூர், சிறுசேரி என்றாலும் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை நேராகப் பழைய மகாபலிபுரம் சாலையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். டாக்சிக்காரரிடம் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். பஸ் முனையம் கிளாம்பாக்கம், ஓ.எம்.ஆரில் இருப்பது கேளம்பாக்கம். இரண்டுக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர்.

உடம்புக்கு பஸ் தரும் சிரமம் வேறு வகை. பெரும்பாலான பஸ்ஸில் கழிவறை இல்லை. வழியில் ஓட்டலில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ நிறுத்துவார்கள், அதுவும் அவர்கள் நேரத்துக்கு. சர்க்கரைக்காரர்களும், இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தண்ணீரே குடிக்காமல் எட்டு மணி நேரம் சமாளிக்கப் பார்ப்பார்கள். அது ஆபத்து. மாத்திரை வேளையை மாற்ற வேண்டுமானால் டாக்டரைக் கேட்டே மாற்றுங்கள். ஸ்லீப்பர் பஸ்ஸில் கடைசி வரிசை தூக்கித் தூக்கிப் போடும். முன்பாதியில், கீழ் பெர்த்தாகக் கேட்டு வாங்குங்கள். கணவன் மனைவி என்றால் இரண்டு பேர் படுக்கும் பக்கம். தனியாகப் போகும் அம்மாவுக்கு ஒற்றைப் பெர்த் பக்கம்.

ஆம்னி பஸ் கட்டணம் நாளுக்கு ஒன்றாக ஏறி இறங்கும். பண்டிகைக் கூட்டமோ ஒரு திசையில்தான் இருக்கும். தீபாவளி, பொங்கலுக்கு முன்னால் எல்லோரும் சென்னையிலிருந்து தெற்கே வருகிறார்கள், முடிந்ததும் வடக்கே போகிறார்கள். நீங்கள் பண்டிகைக்குப் பிள்ளை வீட்டுக்குப் போவதானால் போகும்போதும் வரும்போதும் கூட்டத்துக்கு எதிர்த்திசை, டிக்கெட் எளிதாகக் கிடைக்கும். தீபாவளி சமயம் சென்னையில் வடகிழக்குப் பருவமழை. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தண்ணீர் நிற்கும். பொங்கலை ஒட்டிப் போனால் மழையும் இல்லை, வெயிலும் இல்லை. சித்திரைத் திருவிழா நேரத்தில் மதுரையை விட்டுக் கிளம்பச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை; கேட்டாலும் அது சென்னையின் கொடும் வெயில் காலம்.

## விமானம்

பறக்கும் நேரம் ஒன்றேகால் மணிதான். உசிலம்பட்டியிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி, அங்கே இரண்டு மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும், இறங்கியபின் பெட்டிக்கு அரைமணி, வீட்டுக்கு ஒரு மணி. எல்லாம் சேர்ந்தால் ஆறு மணி நேரம் ஆகிவிடும். வந்தே பாரத்தோடு ஒப்பிட்டால் மிச்சமாவது கொஞ்சம்தான். முழங்கால் மாற்றுச் சிகிச்சை செய்தவர்கள், நீண்ட நேரம் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னவர்கள், பேரப்பிள்ளை பிறந்த சேதி கேட்டு ஓடுகிறவர்கள் ஆகியோருக்கு இது ஏற்றது. வீல்சேர் உதவிக்குத் தனிக் கட்டணம் இல்லை. டிக்கெட் போடும்போதே கேட்டுவிட்டால் வாசலிலிருந்து இருக்கை வரை ஆள் வந்து அழைத்துப்போவார். முதல் தடவை விமானம் ஏறும் அம்மாவுக்குக் கால் நன்றாக இருந்தாலும் பாதி பயம் தீரும். ஆனால் உண்மையாகத் தேவைப்படுகிறவர்களுக்கு ஆள் கிடைக்காமல் போவதும் இப்படித் தேவையில்லாமல் கேட்பதால்தான்.

டிக்கெட்டில் உள்ள பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். வீட்டில் பாண்டியம்மா, ஆதாரில் பாண்டியம்மாள், டிக்கெட்டில் இனிஷியல் இல்லை என்று இருந்தால் நுழைவாயிலில் வாக்குவாதம்தான். மகன் நினைவிலிருந்து அடிக்காமல், ஆதாரின் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி அதைப் பார்த்து அடிக்கட்டும்.

உள்நாட்டில் பொதுவாக செக்-இன் 15 கிலோ, கைப்பை 7 கிலோ. வீட்டிலேயே எடை பாருங்கள். நெய், எண்ணெய், ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். கொப்பரைத் தேங்காய் கூடாது. எண்ணெய்ச் சத்தால் எளிதில் தீப்பிடிக்கும் என்பது காரணம். அரிவாள்மனை, கத்தி எல்லாம் செக்-இன் பெட்டிக்குள்.

## கார்

இரண்டு பேருக்குக் கட்டுப்படியாகாது. நான்கு பேர், கூடவே மிக்சி, கிரைண்டர், அரிசி மூட்டை என்றால் யோசிக்கலாம். வாடகைக் காரில் கிலோமீட்டர் கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். திரும்பிப் போகும் தூரம் சேருமா, ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர், டிரைவர் பேட்டா, டோல் யார் கட்டுவது என்ற நான்கையும் பேசி முடியுங்கள். சொந்தக் கார் என்றால் ஃபிளாட்டில் விருந்தினர் வண்டி நிறுத்த இடம் உண்டா என்று முதலில் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் கிடையாது. ஞாயிறு மாலை செங்கல்பட்டு தாண்டி பரனூர் சுங்கச்சாவடி பக்கம் மாட்டினால் அவ்வளவுதான்.

அரிசி மூட்டைக்காகவே கார் எடுக்க வேண்டாம். ஆம்னி பஸ் பார்சலிலோ லாரி பார்சலிலோ இரண்டு நாள் முன்னால் போட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு ரயிலில் போங்கள்.

## பெங்களூர் என்றால் கணக்கு வேறு

சென்னைக்குச் சொன்ன வரிசை இங்கே மாறிவிடும். மதுரை பஸ்கள் ஓசூர் வழியாகத்தான் பெங்களூருக்குள் நுழைகின்றன. பிள்ளை எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மனஹள்ளி, எச்.எஸ்.ஆர். லேஅவுட், மடிவாளா பக்கம் இருந்தால் ஊருக்குள் போவதற்கு முன்பே இறங்கிவிடலாம். அவர்களுக்கு பஸ்தான் முதல். ஒயிட்ஃபீல்டு என்றால் ரயிலில் கிருஷ்ணராஜபுரத்தில் இறங்குவது நல்லது. அங்கே மெட்ரோவும் உண்டு. 2024 ஆகஸ்ட் 31-ல் தொடங்கிய மதுரை–பெங்களூர் வந்தே பாரத் விடியற்காலையில் மதுரையில் கிளம்பி மதியம் ஒரு மணி வாக்கில் கண்டோன்மென்ட் சேர்கிறது. அந்த நேரத்துக்குக் கிராமத்திலிருந்து மதுரை வருவதற்குள் இராத் தூக்கம் போய்விடும். உள்ளூரில் இருப்பவர்களுக்கு அருமை. இரவுக்கு தூத்துக்குடி–மைசூர் வண்டி உண்டு.

விமானத்தை இங்கே கடைசியில் வையுங்கள். விமான நிலையம் தேவனஹள்ளியில், ஊருக்கு வடக்கே 35 கிலோமீட்டர் அளவில். எலக்ட்ரானிக் சிட்டி தெற்குக் கோடி. பறந்த நேரத்தைவிட டாக்சியில் உட்கார்ந்த நேரம் அதிகமாக இருக்கும், கட்டணமும் ஆயிரத்தைத் தாண்டும்.

## எந்த வழியானாலும், இறங்கியபின்

பிள்ளை வர முடியாமல் தூரத்திலிருந்து ஓலாவோ ஊபரோ போட்டுவிட்டால், டிரைவர் பேசுவது பிள்ளையின் போனுக்கு. நீங்கள் நிற்கும் இடம் பிள்ளைக்குத் தெரியாது. 'வேறொருவருக்காக' என்று தேர்ந்து அப்பாவின் எண்ணைக் கொடுத்தால் ஓடிபியும் டிரைவர் எண்ணும் நேரே அப்பாவுக்கு வரும். வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்த்து ஏறுங்கள்.

முகவரியைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்: அடுக்ககத்தின் பெயர், பிளாக், தளம், வீட்டு எண், அருகில் உள்ள பெரிய கடை, வாயில் காவலாளியின் எண். போனில் சார்ஜ் தீர்ந்தால் லொகேஷன் உதவாது. பெரிய அடுக்ககங்களில் காவலாளி வீட்டுக்குச் செய்தி அனுப்பி அனுமதி வந்தால்தான் உள்ளே விடுவார். விடியற்காலையில் பிள்ளை தூங்கிப்போனால் பெற்றோர் வாசலில் நிற்க வேண்டியதுதான். முதல் நாளே பெயரைப் பதிந்துவைக்கச் சொல்லுங்கள்.

## திரும்பும் டிக்கெட்

போகும்போதே எடுத்துவிடுங்கள். பிள்ளை வருத்தப்பட்டால் படட்டும். ரயில் டிக்கெட்டைச் சில நாள் முன்னதாக ரத்து செய்தால் சிறு தொகைதான் பிடிப்பார்கள். மலிவு விமான டிக்கெட்டில் பெரும்பகுதி போய்விடும். தேதி உறுதியில்லாதவர்களுக்கு ரயில் நல்லது என்பதற்கு இதுவே போதுமான காரணம். ஓ.எம்.ஆரிலிருந்து மாலை நெரிசலில் எழும்பூருக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகும். ஏறுமிடம் தாம்பரம் என்று முன்பதிவிலேயே போட்டுவிடுங்கள்.

இரவு வண்டி மதுரைக்கு விடியலில் வந்து சேரும். உசிலம்பட்டி, தேனிப் பக்கத்தவர்கள் மேற்கு வாசல் வழியே வெளியேறி ஆரப்பாளையம் போய் பஸ் பிடிக்கலாம். மேலூர்க்காரர்கள் கிழக்கு வாசலில் இறங்கி மாட்டுத்தாவணிக்குப் போக வேண்டும்.